கிளட்ச்சைத் தாமே பிரித்துப் பூட்டலாமா எனக் கேட்ட மைத்துனருக்கு

கல்லியோவாரா, லாப்லாந்து.
செவ்வாய்க்கிழமை, 26 மார்ச் 2024.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அல்போ அவர்களுக்கு,

தூர்க்கு நகரில் தாங்களும், தங்கள் துணைவியாரும், தங்களிடம் பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்களும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நானும் தங்கள் தமக்கை ஹில்யாவும் நலம். நலத்துக்குச் சற்றுக் குறைவானவை கீழே தேதிவாரியாக வருகின்றன.

மார்ச் இரண்டாம் தேதியிட்ட தங்கள் கடிதம் ஆறாம் தேதி கிடைத்தது. விடுமுறை வீட்டில் நிற்கும் தங்கள் பனிவண்டியின் கிளட்ச் நழுவுகிறது என்றும், அதை நாமே பிரித்துப் புதுப்பிப்பதா, தொழில் தெரிந்தவரிடம் பணம் கொடுத்துச் செய்துகொள்வதா என்றும் என் யோசனையைக் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் குடும்பத்தில் என்னிடம் யோசனை கேட்டு எழுதுகிறவர் தாங்கள் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நானாகவே எழுதி அனுப்ப வேண்டியிருக்கிறது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். பதில் எழுத உட்கார்ந்த வாரத்திலேயே என் வண்டியிலும் அதே கோளாறு வந்துவிட்டது. ஆகவே வெறும் அறிவை மட்டும் வைத்து எழுதாமல், அனுபவத்தையும் சேர்த்து எழுதலாம் என்று காத்திருந்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாங்களே செய்யுங்கள். தொழில்காரர் எவரும் தேவையில்லை. காரணங்களைப் படித்தால் தங்களுக்கே விளங்கும்.

கிளட்ச் என்றால் என்ன என்பதைப் பல் மருத்துவராகிய தங்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சினின் பக்கவாட்டில் சுழலும் இரண்டு தட்டுகள், அவ்வளவுதான். எஞ்சின் வேகமெடுத்தால் உள்ளே இருக்கும் எடைக்கட்டிகள் விரிந்து தட்டுகளை நெருக்கும், தட்டுகள் நடுவிலிருக்கும் பெல்ட்டைக் கவ்வும், வண்டி நகரும். வேகம் குறைந்தால் ஒரு ஸ்பிரிங் தட்டுகளைப் பிரித்துவிடும், வண்டி நிற்கும். கவ்வுவதும் விடுவதும்தான் மொத்த வேலை. தங்கள் தொழிலும் ஏறக்குறைய அதுவே என்பதால் புரிந்துகொள்வதில் சிரமமிராது.

மார்ச் 11, திங்கட்கிழமை, மீன்பிடிச் சங்கத்தின் பனித்தூண்டில் போட்டிக்காக ஏரியின் உறைபனி எவ்வளவு தடிமன் என்று அளக்கப் போயிருந்தேன். திரும்பும்போது எஞ்சின் கதறியது, ரப்பர் கருகும் நாற்றம் வந்தது, வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அந்த நேரம் பார்த்து ரைமோ தன் வண்டியில் வந்து சேர்ந்தான். எங்கள் ஊரின் ஒரே பழுதுபார்க்கும் கடை அவனுடையது. போட்டியில் நான் தலைமை நடுவர், அவன் துணை நடுவர். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு அவன் சொன்னான்: "என்ன பதிவாளரே, சத்தம் எங்க வீடு வரைக்கும் வந்துருச்சு. வண்டி எப்ப வரும்?"

முப்பத்தோராண்டு காலம் திருச்சபையில் பிறப்பையும் இறப்பையும் தேதி பிசகாமல் பதிவு செய்தவன் நான். அதை ஒரு கேலிப்பெயராக்கியவன் இவன். கடைக்குக் கொண்டுவந்து போடும்படியும், கிளட்ச் என்றால் தன் கடையில் நன்றாகப் பார்ப்பார்கள் என்றும் சொன்னான். நானே செய்துகொள்வேன் என்றேன். "செய்யுங்க, செய்யுங்க. ஆனா இது பொறந்த தேதி எழுதுற வேலை மாதிரி இல்ல. எழுதி வெச்சுட்டா அது பாட்டுக்கு அப்படியே கிடக்காது," என்றான். வண்டியைக் கட்டி இழுத்து வந்து என் வாசலில் விட்டுப்போனான் என்பதையும் நேர்மை கருதிக் குறிப்பிடுகிறேன்.

இங்கே தாங்கள் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். போட்டி மார்ச் 24, ஞாயிற்றுக்கிழமை. சங்க விதியின்படி, காலை ஒன்பது மணிக்குள் தலைமை நடுவர் தன் சொந்த வண்டியில், தராசுடன், ஏரியின் நடுத்திட்டுக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் விசில் துணை நடுவருக்குப் போகும். ஒரு நாளைக்குத்தானே என்று தாங்கள் நினைக்கலாம். அந்த விசில் 1993 ஏப்ரல் 4 அன்று, முந்தைய நடுவருக்குக் காய்ச்சல் வந்ததால் ஒரு நாளைக்கென்று என் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு அவர் முழு உடல்நலத்துடன் வந்து நின்றார். அதைத் திருப்பித் தர வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒருமுறை கை மாறினால் அந்த விசில் திரும்பாது என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. எனக்கு எழுபத்தைந்து வயது. அந்த விசில் இல்லையென்றால் இந்த ஊரில் நான் சொல்வதை யாரும் கேட்க வேண்டிய ஒரு நாளும் ஆண்டில் இராது.

தங்கள் தமக்கை, கடையில் கொடுத்துவிடு, வியாழக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்றாள். இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவள் பேச்சில் வியாழக்கிழமை அடிக்கடி வரும். 2020 செப்டம்பர் 10 முதல், வியாழன்தோறும், மாலை வகுப்பு நிலையத்தில் கிழிந்த துணியைக் கம்பளமாக நெய்யும் வகுப்புக்குப் போய்வருகிறாள். என் பழைய சட்டைகள் எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கேதான் போகின்றன. இந்த வயதில் பெண்களுக்கு இப்படி அமைதியான ஒரு கைவேலை இருப்பது நல்லதுதான். நான் உதிரிப் பாகங்களுக்கு எழுதிப்போட்டேன். அவை 18ஆம் தேதி வந்தன.

19, செவ்வாய்க்கிழமை. எஞ்சின் தண்டிலிருந்து கிளட்ச்சைக் கழற்ற ஒரு தனி இழுப்பான் வேண்டும். அது என்னிடம் இல்லை. கிளட்ச்சின் நடுத்துளையில் தண்ணீரை நிரப்பி, பொருத்தமான போல்ட் ஒன்றை முறுக்கி இறக்கினால், அழுத்தம் தாங்காமல் கிளட்ச் தானே கழன்றுவரும் என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். எழுதியவர் தெற்கத்திக்காரர். அவருடைய ஊரில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும் போலும். என் கொட்டகையில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி. தண்ணீரை ஊற்றி, போல்ட்டைப் பாதி முறுக்கியபோது காபி நேரம் வந்துவிட்டது. உலகம் இடிந்தாலும் நம் வீட்டில் காபி நேரம் தள்ளிப்போவதில்லை என்பது தாங்கள் அறிந்ததே. குடித்துவிட்டு வந்து பார்த்தால் துளைக்குள் தண்ணீர் கல்லாக உறைந்து, போல்ட் கல்லறைச் சிலுவை போல அசையாமல் நின்றது. இளக்குவதற்குக் கையில் இருந்தது ஒரு பிளாஸ்க் காபிதான், ஊற்றினேன். இரண்டாவது பிளாஸ்க்கும் ஊற்றினேன். மூன்றாவதை எடுத்துவந்த ஹில்யா கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"தண்ணியா ஊத்துவாங்க? கிரீஸை அடைச்சுல்ல முறுக்கணும்," என்றாள்.

இது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"தறியில அப்படித்தான்," என்றாள்.

தறியில் இவ்வளவு கிரீஸ் இருக்கும் என்று நான் அறிந்திருக்கவில்லை. மூன்றாவது பிளாஸ்க்கில் கிளட்ச் கழன்றது. என் இடது கால் கட்டைவிரல் அப்போது அதற்கு நேர் கீழே இருந்தது.

20, புதன்கிழமை. கொட்டகைக் குளிரில் விரல் மடங்கவில்லை என்பதால் கிளட்ச்சைச் சமையலறை மேசைக்குக் கொண்டுவந்தேன். மூடியை ஆறு ஸ்க்ரூக்கள் பிடித்திருந்தன. அதன் கீழே முழு பலத்துடன் அமுங்கிக் கிடக்கும் ஸ்பிரிங். நான் முறைப்படி வேலை செய்கிறவன்: முதல் ஸ்க்ரூவை முழுவதும் கழற்றித் தட்டில் வைத்து, பிறகு இரண்டாவதை முழுவதும் கழற்றி, இப்படியே ஐந்தாவதுவரை வந்தேன். ஆறாவதை நான் கழற்றவில்லை. அது தானாகவே கழன்றுகொண்டது. மூடி உத்தரத்துக்குப் போனது. போகும் வழியில் தங்கள் தாயார் எங்கள் திருமணத்துக்கு, 1974 ஜூன் 22 அன்று, அன்போடு அளித்த கண்ணாடி விளக்கு இருந்தது. இப்போது இல்லை. ஸ்பிரிங் அடுப்பின் மேலிருந்த சால்மன் சூப்புக்குள் விழுந்தது. தங்கள் தமக்கை அகப்பையால் அதைத் தூக்கி, ஒட்டியிருந்த வெந்தயக்கீரையை வழித்துவிட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆறையும் சுத்திச் சுத்தி, கொஞ்சங்கொஞ்சமா லூஸ் பண்ணணும் தாவெத்தி. ஒவ்வொண்ணா புடுங்கினா இப்படித்தான் பறக்கும். இது சோர்ந்துபோன ஸ்பிரிங், தூக்கிப் போடு."

ஒரு ஸ்பிரிங் சோர்ந்துபோனதை எப்படிக் கண்டாள் என்று கேட்டதற்கு, தறியிலும் ஸ்பிரிங் உண்டு என்றாள். சூப்பை இருவரும் குடித்தோம். சுவை மோசமில்லை.

21, வியாழக்கிழமை, அவள் வகுப்புக்குப் போயிருந்தாள். அந்த அமைதியில் எல்லாப் பாகங்களையும் மண்ணெண்ணெயில் கழுவி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, செய்தித்தாளின் மேல் அளவு வரிசையில் அடுக்கினேன். மூடியின் விளிம்பிலும் தட்டின் விளிம்பிலும் யாரோ பெருக்கல் குறி போலக் கீறி வைத்திருப்பதைக் கண்டு திடுக்கிட்டேன். பதிவேட்டில் கிறுக்கல் இருந்தால் எனக்கு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எந்தத் தொழில்காரனோ எப்போதோ செய்த அலட்சியம் என்று முடிவு செய்து, அரத்தாலும் உப்புத்தாளாலும் மாலை முழுவதும் தேய்த்து, இரண்டையும் கண்ணாடி போல ஆக்கினேன். மறுநாள் காலை காபியின்போது அதை அவளிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தக் கீறல் ரெண்டையும் நேருக்கு நேர் வெச்சுதான் மூடியைப் பூட்டணும். இல்லேன்னா ஒரு பக்கம் எடை கூடி வண்டி கிடுகிடுன்னு ஆடும்," என்றாள்.

மூடியைப் பல விதமாகத் திருப்பிப் பூட்டலாம் என்பதால், நல்வாய்ப்பு என் பக்கம் இருக்கவும் இடமுண்டு என்றேன். அவள் எழுந்து வெளியே போய்ப் பனியில் சற்று நேரம் நின்றாள். காற்று வாங்கவாம். தோள்கள் குலுங்கியது குளிரினால் இருக்கலாம்.

23, சனிக்கிழமை. இதுதான் முக்கியமான நாள், கவனமாகப் படிக்கவும். மூடியின் நடுவே தேய்ந்துபோன வெண்கல வளையத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். புதியது ஒரு மயிரிழை பெரிது. சுத்தியலால் அடித்தும் இறங்கவில்லை. உலோகம் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்பது பள்ளியில் படித்தது. மூடியைச் சூடாக்கி வளையத்தைக் குளிரவைத்தால் ஒன்றுக்குள் ஒன்று தானாக விழும். குளிருக்கு எங்கள் வாசலில் பஞ்சமில்லை. வளையத்தைப் படிக்கட்டருகே பனியில் புதைத்து, அடையாளத்துக்கு மேலே ஒரு குச்சியை நட்டேன். சூட்டுக்கு எங்கள் நீராவிக் குளியலறையான சவுனாவைவிடச் சிறந்த இடம் ஏது? சனிக்கிழமை எப்படியும் எரியத்தானே போகிறது. மூடியை அடுப்பின் கற்களுக்கு நடுவே வைத்து, யார் கண்ணிலும் படாதபடி மேலே நான்கு கற்களை அடுக்கினேன்.

நான் கணக்கில் எடுக்கத் தவறியது ஒன்றுதான். ரைமோவின் சவுனா ஜனவரி 13 அன்று எரிந்துபோனது. அதிலிருந்து அவன் சனிக்கிழமைதோறும் ஊரில் ஒவ்வொரு வீடாகக் குளித்து வருகிறான். அந்த வாரம் எங்கள் முறை. மாலை ஐந்து மணிக்குத் தோளில் துண்டுடன் வாசலில் நின்றான். சனிக்கிழமை சவுனாவுக்கு வந்தவனைத் திருப்பி அனுப்பினால் அந்த வீட்டுக்காரன் பிறகு ஊரில் தலைகாட்ட முடியாது. அதோடு, ஆவி எழும்பக் கற்களின் மேல் தண்ணீர் ஊற்றும் அகப்பையை விருந்தாளியின் கையில்தான் கொடுக்க வேண்டும். நாங்கள் இருவரும் பிறந்த மேனியாய், மேல் பலகையில், அருகருகே உட்கார்ந்தோம். என் கிளட்ச் எங்கள் முழங்காலிலிருந்து ஒரு கை தூரத்தில் வெந்துகொண்டிருந்தது.

ரைமோ சூட்டுப் பிரியன். முதல் அகப்பைக்கு நல்ல ஆவி வந்தது. இரண்டாவது அகப்பை நேராக அந்த நான்கு கற்களின் மேல் விழுந்தது. எழுந்த ஆவியில் கிரீஸ் இருந்தது, செவ்வாய்க்கிழமைக் காபி இருந்தது, தூரத்தில் கொஞ்சம் சால்மனும் இருந்தது. ரைமோ கண்ணை மூடி ஆழமாக இழுத்தான். சவுனாவுக்குள் யாரும் குரலை உயர்த்துவதில்லை, சண்டை போடுவதில்லை. ஆகவே மெதுவாகத்தான் கேட்டான்.

"கல்லு மாத்திட்டீங்களா பெரியவரே?"

மாற்றினேன் என்றேன்.

"நல்ல கல்லு. டூ-ஸ்ட்ரோக் வாசனை வருது."

தெற்கிலிருந்து வரவழைத்தது என்றேன். இன்னும் மூன்று அகப்பை ஊற்றினான். முகத்தில் வழிந்த வியர்வை இருவருக்கும் கறுப்பாக இருந்தது. அவன் போவான் போவான் என்று பார்த்தேன்; போகவில்லை. மூடி அதிகம் சூடேறினால் பாழ். எனவே, பனியில் புரண்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி, அவன் துண்டை எடுக்கத் திரும்பிய நொடியில் இடுக்கியால் மூடியைத் தூக்கி மரவாளியில் போட்டுக்கொண்டு, உடுத்த துணி இல்லாமல் வெளியே ஓடினேன். குச்சியைக் காணவில்லை. விருந்தாளி வருகிறார் என்று ஹில்யா படிக்கட்டைப் பெருக்கி, குச்சியை விறகுக்கட்டில் சேர்த்துவிட்டிருந்தாள். நான் மண்டியிட்டுக் கையால் தோண்டத் தொடங்கினேன். ரைமோ கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"இந்த வயசுல இப்படிப் புரள்றீங்களே பதிவாளரே. எனக்கெல்லாம் முடியாதுப்பா."

அவன் உள்ளே திரும்பியதும் வளையம் விரலில் தட்டுப்பட்டது. வாளிக்குள் விட்டேன். டக்கென்று ஒரே ஒலி. சுத்தியலும் இல்லை, பலவந்தமும் இல்லை. தொட்டிலில் பிள்ளையைப் போட்டதுபோல் உட்கார்ந்தது. அல்போ அவர்களே, நான் ஆயிரக்கணக்கான ஞானஸ்நானங்களைப் பதிவு செய்திருக்கிறேன். ஒன்றுகூட அப்படி ஒலித்ததில்லை. தலையை நிமிர்த்தியபோது சமையலறை ஜன்னலில் தங்கள் தமக்கை நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கோ மெல்லத் தலையசைத்தாள்.

24, ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் கிளட்ச்சைப் பூட்டினேன். புது ஸ்பிரிங் பழையதைவிட மிகக் கடினமானது என்பதை இப்போது சொல்ல முடிகிறது. எஞ்சின் நன்றாகக் கதறினால்தான் தட்டுகள் பெல்ட்டைக் கவ்வும். கவ்வினால் மொத்தமாகக் கவ்வும். அன்று காலை அது எனக்குத் தெரியாது. தராசைப் பின்பெட்டியில் வைத்தேன். பின்னிருக்கையில் ஹில்யா தெர்மாஸுடன் அமர்ந்தாள். வேக விசையை அழுத்தினேன்; ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் அழுத்தினேன்; கதறல் மட்டும் வந்தது. முழுவதும் அழுத்தினேன். வண்டி குதித்தது. நானும் குதித்தேன். ஹில்யா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். திரும்பிப் பார்த்தபோது பனியில் காலை நீட்டி உட்கார்ந்து, தெர்மாஸ் மூடியைத் திறந்துகொண்டிருந்தாள்.

நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிறுத்தினால் மறுபடி கிளம்ப வேண்டும். கிளம்பினால் மறுபடி குதிக்கும். என் இடுப்பைப் பற்றி எனக்குத் தெரியும். கீறல்களைப் பற்றி அவள் சொன்னதும் சரியாகவே இருந்தது. வண்டி ஆடிய ஆட்டத்தில் மூக்குக்கண்ணாடி காதிலிருந்து வாய்க்கு இறங்கிவிட்டது. கீழ்ப்பல் செட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். அந்தச் செட் தாங்கள் கட்டியது, நன்றாக உழைக்கிறது. ஏரியை அந்த நிலையிலேயே கடந்தேன். நடுத்திட்டில் நாற்பது பேர் உறைபனியில் போட்ட தூண்டில் துளைகளுக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவே நுழைந்தேன், எழுந்தார்கள். திட்டை ஒருமுறை சுற்றினேன். மறுபடி உட்காரலாமா என்று யோசித்தார்கள். இரண்டாம் முறையும் வந்தேன். சுற்றிலேயே விசிலை ஊதிப் போட்டியைத் தொடங்கி வைத்துவிடலாம் என்று எண்ணி வாயில் வைத்த தருணத்தில் பெல்ட் வெடித்தது. வண்டி வழுக்கிக்கொண்டே போய் நடுவர் மேசைக்கு நேரே நின்றது. மணி எட்டு ஐம்பத்திரண்டு. சொந்த வண்டி, தராசு, நேரம். விதியில் "நல்ல முறையில்" என்ற சொல் எங்கும் இல்லை.

பிறகு ஒரு வண்டி அமைதியாக வந்தது. ரைமோ ஓட்டினான், பின்னால் தங்கள் தமக்கை மகாராணி போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என் முன்னால் இறங்கி ஒரு கோப்பை காபியை நீட்டினாள். ஆடிய ஆட்டத்தில் தராசின் முள் நானூறு கிராமுக்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது. விரலளவு பெர்ச் மீன்கூட நானூறு கிராம் காட்டியது. யாரும் புகார் செய்யவில்லை. 1968இல் சங்கம் தொடங்கியதிலிருந்து அவ்வளவு எடை மீன் பிடிபட்டதே இல்லை என்று எல்லோரும் மனநிறைவோடு வீடு திரும்பினார்கள். முடிவுத்தாளில் நான் ஓர் அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறேன்.

ஆகவே தங்கள் கேள்விக்கு என் விடை உறுதியானது. கிளட்ச்சைத் தாங்களே செய்யுங்கள். தொழில்காரனிடம் கொடுத்தால் வேலை மட்டுமே முடியும். தாமே செய்தால் அறிவு வளர்கிறது, துணிவு வளர்கிறது, விசில் நம்மிடமே இருக்கிறது. தொழில்காரர்களுக்கு நம்மைவிட அதிகமாக எதுவும் தெரியாது. தெரிந்தது போல நடிக்கிறார்கள், அவ்வளவே. ஒரு விளக்கு, ஒரு கால்விரல், ஒரு பானை சூப், ஒரு பெல்ட் ஆகியவற்றை இதற்கு ஈடாக வைத்துப் பார்த்தால் நட்டம் ஒன்றுமில்லை.

தங்கள் இல்லத்தில் பல்வலி தவிர வேறு வலி நுழையாதிருக்கட்டும். வசந்தம் தெற்கிலிருந்து கிளம்பும்போது எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைத்து அனுப்பவும். தங்கள் துணைவியாருக்கு என் மரியாதையைத் தெரிவிக்கவும்.

என்றும் தங்கள் நலம் நாடும்,
தாவெத்தி நீவா
திருச்சபைப் பதிவாளர் (ஓய்வு), தலைமை நடுவர் (பதவியில்).

பின்குறிப்பு. புதன்கிழமை, 27 மார்ச் 2024. கடிதத்தை உறையிலிட்டு ஒட்டும் முன் பின்வருவதைச் சேர்க்க வேண்டியதாகிவிட்டது. இன்று காலை, ஹில்யா மளிகைக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், கிளட்ச்சைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரைமோவின் பழுதுக்கடைக்குப் போனேன். வேலையை ஒப்படைக்க அல்ல, கருத்துக் கேட்க. அவன் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"கிளட்ச்செல்லாம் நான் தொடுறதில்ல பெரியவரே. அதுக்கு ஆளு வியாழக்கிழமைதான் வரும். பின் ரூம்ல வெச்சுட்டுப் போங்க."

பின்னறைக்குப் போனேன். சுவர் முழுக்க கிளட்ச்சுகள் மாட்டியிருந்தன. மேசைமேல் ஆறு ஸ்க்ரூக்களையும் ஒரே சமயத்தில் அமுக்கிப் பிடிக்கும் கருவி. ஆணியில் ஒரு கரித்துணி தொங்கியது. சாம்பல் நிறம், நீலக் கோடு. 2013 மே 31 அன்று நான் ஓய்வுபெற்ற விழாவில் அணிந்திருந்த சட்டை. கம்பளத்தில் நெய்யப்பட்டுவிட்டதாக நான் நம்பிக்கொண்டிருந்த அந்தச் சட்டையின் கழுத்துப்பட்டையில், என் பெயரின் முதலெழுத்துக்கு மேல், கிரீஸ் அப்பியிருந்தது.

ரைமோ என் பின்னால் வந்து நின்றான். அந்த வியாழக்கிழமை ஆள் யார் என்பது ஊருக்கே தெரியுமாம். சனிக்கிழமை அவனை எங்கள் சவுனாவுக்கு வரச் சொன்னதும் ஹில்யாதானாம்: எங்கள் முறை அடுத்த வாரம்தான், ஆனால் கிழவன் சவுனா அடுப்பில் எதையோ வைக்கிறான், கையைச் சுட்டுக்கொள்ளாமல் கூட இருந்து பார்த்துக்கொள் என்றாளாம். விசிலுக்காகத்தானே இத்தனை நாளாக என்னைக் கிண்டல் செய்தாய் என்று கேட்டேன். "அந்த விசில் எனக்கு எதுக்குங்க? நாள் பூரா நின்னு அடுத்தவன் மீனை நிறுத்துக்கிட்டு இருக்கவா? நான் தூண்டில் போடத்தான் வர்றேன்," என்றான்.

வீட்டுக்கு வந்தேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். மாலை வகுப்பு நிலையத்தில் அவள் சேர்ந்தது சிறிய எஞ்சின் வகுப்பில். இரண்டாம் ஆண்டு முதல் ரைமோ அவளுக்குச் சம்பளம் தருகிறான். ஏன் கம்பளம் என்று சொன்னாய் என்று கேட்டேன். கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள்:

"நீ யோசனை சொல்லாத ஒரே விஷயம் கம்பளம்தான் தாவெத்தி. வேற எதைச் சொல்லியிருந்தாலும் மறுநாளே எனக்குப் பாடம் எடுத்திருப்பே. மூணரை வருஷமா நெய்யுறேன்னு போறேன். ஒரு கம்பளமாச்சும் எங்கேன்னு கேட்டியா?"

ஒவ்வொரு வியாழக்கிழமையின் தேதியும் எனக்குத் தெரியும். அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை.

எனவே மேலே கண்ட கடிதத்தில் பின்வரும் திருத்தங்களைச் செய்துகொண்டு படிக்கவும். "தாங்களே செய்யுங்கள்" என்று வரும் இடங்களை அடித்துவிடவும். "தொழில்காரன்" என்று வரும் இடங்களில் "தங்கள் தமக்கையார்" என்று எழுதிக்கொள்ளவும். "தறி" என்ற சொல்லை அப்படியே விடலாம்; அவள் அதை நினைத்து இன்னும் சிரிக்கிறாள். கிளட்ச்சைத் தபாலில் அவளுக்கு அனுப்பவும். உறவினர்களுக்குத் தனி வரிசை கிடையாது. எனக்கு ஏப்ரல் 18 கொடுத்திருக்கிறாள். அதுவரை அவளுக்குக் கடை வண்டியை ரைமோ கொடுத்திருக்கிறான், நான் பின்னிருக்கையில்.

இக்கடிதத்தைத் தபாலில் சேர்க்க இப்போது கிளம்புகிறோம். அவள்தான் ஓட்டுகிறாள். கிளம்பும்போது இந்த வண்டி குதிக்காதாம். இருந்தாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். நான் யோசனை எதுவும் சொல்லவில்லை.